கிளச் வழுக்கியது, ஒயிலை மாற்றினேன்

நாவற்குழிப் பாலம் தாண்டித் திறொட்டிலைத் திருகினால் என்ஜின் கத்துகிறது, மோட்டார் சைக்கிள் வேகம் எடுக்கவில்லை. சேர்விஸில் ஊற்றியிருந்தது காருக்கான சிந்தெற்றிக் ஒயில். நல்ல ஒயில்தான். ஆனால் பெரும்பாலான கியர் மோட்டார் சைக்கிள்களில் கிளச் தட்டுகளும் என்ஜின் ஒயிலுக்குள்ளேயே சுழல்கின்றன. எரிபொருளை மிச்சம் பிடிக்கச் சேர்க்கும் உராய்வு குறைப்பான்கள் அவற்றை வழுக்க விடும்.

கானைத் திருப்பி வாசித்தேன். ஏபிஐ என்ற அமெரிக்க ஒயில் தர முத்திரை வட்டத்தின் கீழ்ப்பக்கம் 'ரிசோர்ஸ் கன்சர்விங்', அதாவது எரிபொருளை மிச்சம் பிடிக்கும் ஒயில், என்று இருந்தது. மோட்டார் சைக்கிள் ஒயிலுக்கான ஜப்பானியத் தரக் குறியான ஜாசோ பெட்டியே இல்லை. என் மோட்டார் சைக்கிளின் கையேடு கேட்பதோ 10டபிள்யூ-30 தடிப்பு, ஒயிலுக்குள் சுழலும் கிளச்சுக்கான ஜாசோ எம்ஏ. உராய்வு குறைந்த எம்பி என்றிருந்தால் அது ஸ்கூட்டிக்குச் சரி, இதற்கு ஆகாது.

பழையதை முழுக்க வடித்து, எம்ஏ ஒயில் விட்டு, கிளச் கேபிளின் தளர்வையும் பார்த்தேன். வழுக்கல் நின்றுவிட்டது. இப்படி வழுக்கினால் உடனே கவனியுங்கள். தட்டுகள் கருகிய பிறகு எந்த ஒயிலும் உதவாது.