குறட்டையிலிருந்து சிபேப் மாஸ்க் வரை: ஸ்லீப் கிளினிக்குக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

குறட்டை விடுகிறவருக்குத் தன் குறட்டை கேட்காது. அதனால் முதல் தடவை போகும்போது பக்கத்தில் படுக்கிறவரையும் கூட்டிப் போங்கள். நடுராத்திரியில் மூச்சு நின்று, திணறி, மறுபடி வருகிறதா என்பதுதான் டாக்டர் கேட்கும் முக்கியக் கேள்வி. அவர் தேடுவது ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்று நின்று வரும் நோய். போனில் எடுத்த இரண்டு நிமிட வீடியோ இருந்தால் இன்னும் நல்லது.

1. முதல் சந்திப்பு

கழுத்துச் சுற்றளவு, எடை, பிபி, தொண்டை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். பிறகு எப்வொர்த் கேள்வித்தாள். டிவி பார்க்கும்போது, பஸ்ஸில் போகும்போது என 8 சூழ்நிலைகளில் கண் அசந்துவிடுமா என்று 0 முதல் 3 வரை மார்க் போட வேண்டும். மொத்தம் 24, 10-ஐத் தாண்டினால் பகல் தூக்கம் அதிகம். குறைவாக வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை.

2. ஸ்லீப் ஸ்டடி

ராத்திரி லேபில் படுக்கவைத்து, உங்கள் தூக்கத்தையும் மூச்சையும் பதியும் டெஸ்ட் இது. அன்றைக்குத் தலைக்கு ஷாம்பு போட்டுக் குளியுங்கள். எண்ணெய் வைக்கவே கூடாது, மூளை அலையைப் பதியத் தலையில் வைக்கும் எலக்ட்ரோடு ஒட்டாது. ஒரு விரலிலாவது நெயில் பாலிஷ், மருதாணி இல்லாமல் இருக்கட்டும். ஆக்சிஜன் அளவி அங்கேதான் மாட்டுவார்கள். பகலில் தூங்காதீர்கள், மதியத்துக்கு மேல் காபி வேண்டாம். வழக்கமான மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தலை, கண்ணோரம், தாடை, கால் எல்லாவற்றிலும் வயர். மூக்கில் சின்னக் குழாய். நெஞ்சிலும் வயிற்றிலும் பெல்ட். 'இதோடு எப்படித் தூங்குவது?' என்று எல்லோருக்கும் தோன்றும். சில மணி நேரத் தூக்கமே பெரும்பாலும் போதும்.

வீட்டிலேயே செய்யும் டெஸ்ட்டும் உண்டு. அதில் பெரும்பாலானவை மூளை அலையைப் பதிவதில்லை, அதனால் எப்போது தூங்கினீர்கள் என்று சரியாகத் தெரியாது. விழித்துப் படுத்திருந்த நேரமும் கணக்கில் சேர்ந்துவிடுவதால் நோய் லேசாகத் தெரியலாம். அறிகுறி பலமாக இருந்து ரிப்போர்ட் நார்மல் என்று வந்தால், லேபில் ஒரு ராத்திரி படுத்துப் பார்ப்பதே சரி.

3. ரிப்போர்ட்

ஏஹெச்ஐ என்ற எண்ணைத் தேடுங்கள். குறைந்தது 10 விநாடி மூச்சு நின்றதோ குறைந்ததோ மணிக்கு எத்தனை தடவை என்பதே அது. பெரியவர்களுக்கு 5 முதல் 15-க்குள் லேசானது, 15 முதல் 30-க்குள் நடுத்தரம், 30-உம் அதற்கு மேலும் கடுமையானது. அதோடு நிறுத்தாமல், ஆக்சிஜன் எவ்வளவு இறங்கியது, மல்லாந்து படுக்கும்போது எண் கூடுகிறதா என்றும் பாருங்கள்.

4. சிபேப்

தொண்டை மூடிக்கொள்ளாமல் காற்றழுத்தத்தால் திறந்தே வைக்கும் மெஷின் இது. 1981-ல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் இந்த முறையை வெளியிட்டார். அழுத்தம் பொதுவாக 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அளவு (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு இது). உங்களுக்கானதை டாக்டர்தான் முடிவு செய்வார்.

பலர் தோற்பது மாஸ்க்கில்தான். உட்கார்ந்தபடி மாட்டிப் பார்த்து வாங்காதீர்கள். படுத்தால் முகத்தசை சரியும், பொருத்தம் மாறும். மெஷினை ஓடவிட்டு, படுத்து, புரண்டு பாருங்கள். காற்று கசிந்தால் பட்டையை இறுக்கத் தோன்றும். இறுக்கினால் குஷன் நசுங்கி இன்னும் கசியும், மூக்குத் தண்டும் புண்ணாகும். தளர்த்தி, முன்னால் லேசாக இழுத்து, மறுபடி பதிய விடுங்கள்.

காலையில் வாய் காய்ந்திருந்தால் வாய் வழியே காற்று போகிறது. மூக்கடைப்பைச் சரிசெய்யுங்கள், காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபயரைக் கூட்டுங்கள், அப்படியும் நிற்காவிட்டால் வாயையும் மூடும் மாஸ்க் கேளுங்கள். ஹியூமிடிஃபயரின் தண்ணீர்த் தொட்டியில் டிஸ்டில்டு வாட்டர்தான், தினமும் புதிதாக.

அடுத்த விசிட்டுக்கு மெஷினையும் மாஸ்க்கையும் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை மணி நேரம் போட்டீர்கள், எவ்வளவு கசிந்தது, ஏஹெச்ஐ 5-க்குக் கீழே வந்ததா என்பதெல்லாம் மெஷினிலேயே பதிவாகியிருக்கும்.