அப்பாச்சியில் முதல் சிஜிஐ நிரல்

ஜாங்கோ, ஃபிளாஸ்க் போன்ற பைதான் வலைச் சட்டகங்களைக் கற்கத் தொடங்கும் முன், ஒரு சிஜிஐ (வலை வழங்கி வெளி நிரலை இயக்கிப் பக்கத்தைப் பெறும் முறை) நிரலையாவது கையால் எழுதிப் பார்ப்பது நல்லது. வழங்கிக்கும் நிரலுக்கும் இடையே நடப்பது எதுவும் அதில் மறைந்திருப்பதில்லை. 1993-இல் தோன்றிய இம்முறையில், அப்பாச்சி என்னும் வலை வழங்கி ஒவ்வொரு கோரிக்கைக்கும் நிரலைப் புதிதாக இயக்கி, அது அச்சிடுவதை வாங்கி உலாவிக்கு அனுப்புகிறது. இதனால் வேகம் குறையும் என்றாலும் கற்பவருக்கு அது பொருட்டல்ல.

உபுண்டுவில் அப்பாச்சியை நிறுவியதும், ‘ஏ2என்மாட்’ கட்டளையால் ‘சிஜிஐடி’ கூறினைச் செயல்படுத்தி, அப்பாச்சியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். நிரல்களை ‘யுஎஸ்ஆர்’ கோப்புறையின் ‘லிப்’ பகுதியில் உள்ள ‘சிஜிஐ-பின்’னில் வைத்து, அவற்றுக்கு 755 என்ற அனுமதியை (உரிமையாளர் மாற்றலாம், எல்லோரும் படிக்கலாம், இயக்கலாம்) அளிக்க வேண்டும்.

நிரலைப் பைதானில் எழுதுவதாகக் கொள்வோம். முதல் வரி, ‘#!’ குறியுடன் தொடங்கிப் பைதான் இருக்கும் முழுப் பாதையைச் சொல்ல வேண்டும். அடுத்து, அனுப்பப்போவது ஹெச்டிஎம்எல் என்றும் அதன் குறியாக்கம் யுடிஎஃப்-8 என்றும் அறிவிக்கும் ‘கன்டென்ட்-டைப்’ தலைப்பை அச்சிட்டு, அதன் பின் ஒரு வெற்று வரியையும் அச்சிட வேண்டும். தலைப்பு முடிந்து பக்கம் தொடங்குவதை அப்பாச்சி அறிவது அந்த வெற்று வரியால்தான். புதியவர்கள் காணும் ‘500’ என்ற எண்ணுடைய வழங்கிப் பிழைகளில் பலவற்றுக்கு அதை மறந்ததே காரணம்.

முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் பயனர் தரும் சொற்கள் ‘குவெரி ஸ்டிரிங்’ என்னும் சூழல் மாறியில் (நிரல் இயங்கும்போது வெளியிலிருந்து அதற்குத் தரப்படும், பெயரிட்ட மதிப்பு) வந்து சேரும். தமிழில் ‘அ’ என்ற ஓரெழுத்தே மூன்று பைட்டுகளாகி, விழுக்காட்டுக் குறிகளுடன் ஒன்பது எழுத்துகளாக நீண்டு வருவதால், ‘யுஆர்எல்லிப்’ நூலகத்தின் ‘பார்ஸ்_கியூஎஸ்’ கொண்டு அதைப் பிரிப்பதே எளிது. பழைய பாடங்கள் பரிந்துரைக்கும் ‘சிஜிஐ’ என்னும் பைதான் கூறு 3.13 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. பெற்ற சொல்லைப் பக்கத்தில் காட்டும் முன் ‘ஹெச்டிஎம்எல்’ நூலகத்தின் ‘எஸ்கேப்’ வழியே அனுப்பத் தவறினால், பிறர் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் உங்கள் பக்கத்தில் ஓடக்கூடும்.

உலாவியைத் திறக்கும் முன், அந்தச் சூழல் மாறிக்கு ஒரு மதிப்பைக் கொடுத்து நிரலை முனையத்திலேயே இயக்கிப் பாருங்கள். விண்டோசில் எழுதிய கோப்பாயின், முதல் வரியின் இறுதியில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத குறியால், பைதான் இருந்தும் ‘அப்படியொரு கோப்பு இல்லை’ என்ற செய்தி வரும். ‘டாஸ்2யுனிக்ஸ்’ அதைச் சரிசெய்துவிடும். முனையத்தில் ஓடியது உலாவியில் ஓடாவிட்டால், அப்பாச்சியின் பிழைப்பதிவின் கடைசி வரிகளைப் படியுங்கள். உலாவி வழியே வரும்போது நிரலை இயக்குபவர் நீங்களல்லர், ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’ என்னும் பயனர். உங்களுக்குத் திறக்கும் கோப்பு அவருக்குத் திறக்காமல் போகலாம்.