பழைய பாலத்தின் அஸ்திவார ஆழம் அறிதல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில், 1956-க்கு முன்பே எழுந்த பாலமென்றால் அஸ்திவார வரைபடம் கைக்குக் கிடைப்பது அரிது. இடிக்காமல், தோண்டாமல் ஆழத்தை அறியும் சோதனைகளே துணை. கருவியை இயக்கத் தெரியாத பிழைகளைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அவை ஒரு வாரத்தில் தாமாகவே சரியாகிவிடும்.

துளையைப் பாதியில் நிறுத்துதல்

பேரலல் சீஸ்மிக் முறையில், தூணைச் சுத்தியலால் தட்டி, அதையொட்டிய துளைக்குள் நீரில் தொங்கும் ஹைட்ரோஃபோனை (நீருக்குள் ஒலி வாங்கும் கருவி) அதிர்வலை எட்டும் நேரத்தை ஒவ்வோர் ஆழத்திலும் குறிக்கிறோம். அஸ்திவாரம் உள்ளவரை அலை கான்கிரீட் வழியாக வினாடிக்கு ஏறத்தாழ 4000 மீட்டர் வேகத்தில் இறங்கும். அதன் அடியைத் தாண்டியபின், நீர் ஊறிய மண்ணில் வேகம் 1500 மீட்டர் அளவுக்குக் குறைவதால் வரைகோடு முறியும். அந்த முறிவுதான் விடை. முறிவுக்குக் கீழும் சில மீட்டர் கோடு இருந்தால்தான் அது முறிவு என்றே தெரியும் என்பதால், எதிர்பார்க்கும் அடிமட்டத்துக்குக் கீழே 3 முதல் 5 மீட்டராவது துளை இறங்க வேண்டும்.

கல்குளம் பக்கத்துச் சிறு பாலம் ஒன்றில், "சார், பாறை வந்தாச்சு" என்று துளை போடும் ரிக் இயந்திரக்காரர் சொன்னதும், மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி ஏறுவதை எண்ணி, இளம் பொறியாளர் நிறுத்தச் சொல்லிவிட்டார். வந்தது பாறையன்று, சார்னோக்கைட் என்ற கடும்பாறை நிறைந்த நம் நிலத்தில், சுற்றிலும் மண்ணாகச் சிதைந்தபின் நடுவில் மிஞ்சி நிற்கும் உருண்டைக்கல். முறிவே இல்லாத ஒற்றைக் கோட்டை வைத்துக்கொண்டு, கடைசி அளவீட்டின் ஆழத்தையே அஸ்திவார ஆழமாக அறிக்கையில் எழுதிவிட்டார்கள். வெள்ளத்தில் மண் அரிப்பைக் கணக்கிடவிருந்தவர் அதை ஏற்க மறுக்கவே, ரிக்கைத் திரும்ப வரவழைத்து வேறு துளை போட நேர்ந்தது. மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு செலவு. இதே சிக்கனத்தை இன்றும் எங்காவது காணும்போது எரிச்சல்தான் வருகிறது.

3 மீட்டருக்குத் தொடர்ச்சியாகக் கோர் (துளைத்து எடுக்கும் உருளை மாதிரி) கிடைக்காதவரை பாறை என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். உண்மையிலேயே உறுதியான பாறையானால், அதில் அலைவேகம் கான்கிரீட்டைவிட மிகுந்தும் இருக்கலாம், முறிவு மங்கிவிடும். அங்கே தூண் வழியாகவே கோர் எடுத்துப் பார்ப்பதே நம்பகமான வழி.

குழாயைச் சுற்றி வெற்றிடம் விடுதல்

துளைக்குள் இறக்கிய குழாய்க்கும் மண்ணுக்கும் இடையே சிமென்ட்-பென்டோனைட் (ஒருவகைக் களிமண்) கரைசல் நிரப்பாமல் அளக்காதீர்கள்.

கல்கட்டுக்குக் கான்கிரீட் வேகம்

துளை போடாமல், தூணைத் தட்டி, அடியில் பட்டு அலை திரும்பும் நேரத்தைக் கொண்டும் ஆழம் காண்பதுண்டு. ஆனால் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய தூணில் அலை மெதுவாகச் செல்லும். வெளியே தெரியும் பகுதியில் இரு புள்ளிகளுக்கிடையே வேகத்தை அளந்துகொண்ட பிறகே எதிரொலி நேரத்தை ஆழமாக மாற்ற வேண்டும்.

பைல் சோதனையை அப்படியே பயன்படுத்துதல்

ஐஎஸ் 14893 (2001) என்ற இந்தியத் தர வழிகாட்டி, தலை திறந்திருக்கும் பைல்களை (மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய அஸ்திவாரத் தூண்கள்) மனத்தில் கொண்டது. பாலத்தைச் சுமந்து நிற்கும் தூணில் தட்டினால், பைல்களின் தலைகளை இணைக்கும் பைல் கேப்பிலிருந்தும் மேலுள்ள உத்தரங்களிலிருந்தும் திரும்பும் அலைகள் கலந்துவிடும். அவற்றில் ஒன்றை அடிமட்டத்தின் எதிரொலி என்று கொள்வது வெறும் ஊகம்.