உறைபனிக் காலத்துச் சோலையை நீர்வண்ணத்தில் தீட்டுவது எப்படி

குளிர்காலக் காடு என்றதும் பலரும் இலையுதிர்ந்த மொட்டை மரங்களையும் வெண்பனிக் குவியலையும் வரையத் தொடங்கிவிடுகிறார்கள். நீலகிரிச் சோலை அப்படிப்பட்டதல்ல. மார்கழியிலும் அது பச்சையாகத்தான் நிற்கும். குட்டையான, முறுகிய மரங்கள், குடை விரித்தாற்போல உச்சிகள், கிளையெல்லாம் பாசி. வெளுப்பது சுற்றியிருக்கும் புல்வெளி. அந்த வெளுப்புக்கு நடுவே, மலை மடிப்பில் கறுத்து ஒடுங்கிக் கிடக்கும் சோலைதான் நெஞ்சைச் சில்லிட வைக்கிறது. குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாகவும், யாமத்தைச் சிறுபொழுதாகவும் தொல்காப்பியம் வைத்தது சும்மா இல்லை.

முதலில் பனியைப் புரிந்துகொள்ளுங்கள். மேகமில்லாத, காற்றடங்கிய இரவில் தரையின் வெப்பம் வானுக்குப் போய்விடும். கனத்த குளிர்காற்று பள்ளத்தில் தேங்கும். உறைபனி விழுவது அங்கேதான். சோலைக்குள் மரக்கூரை வெப்பத்தைப் பிடித்து வைப்பதால் தரை வெளுக்காது. அடர்ந்த மூடுபனி போர்த்திய இரவில் பெரும்பாலும் உறைபனி விழுவதில்லை. ஆகவே கனத்த மூடுபனியையும் வெள்ளைப் புல்லையும் ஒரே படத்தில் திணிக்காதீர்கள். வெயில் பட்டதும் புல்லிலிருந்து எழும் மெல்லிய ஆவி போதும்.

டிசம்பர், ஜனவரியில் ஊட்டிக்கு அருகே உள்ள தலைகுந்தா போன்ற இடங்களில் காலை ஆறரைக்குச் சாலையோரமாக நின்றாலே எல்லாம் தெரியும். அனுமதியில்லாமல் காட்டுக்குள் இறங்க வேண்டாம். அரையிருட்டில் காட்டுமாடு பத்தடியில் நின்றாலும் கண்ணுக்குப் படாது. அங்கேயே வண்ணம் தீட்ட முயல்வதும் வீண், அந்தக் குளிரில் தாள் காயாது. 7×10 செ.மீ. கட்டத்தில் பென்சிலால் வெளிர், நடு, கருமை என்று மூன்றே அழுத்தங்களில் குறிப்பு எடுங்கள். கைபேசிப் படத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். அது வெள்ளைப் புல்லைச் சாம்பலாக்கும், நிழலின் நீலத்தையும் தானாகத் திருத்திவிடும்.

எட்டு மணி வாக்கில் ஒன்றைக் கவனியுங்கள். வெயில் பட்ட புல்லில் பனி உருகிவிட்டிருக்கும். மரநிழல் விழுந்த இடத்தில் மட்டும், நிழலின் அதே வடிவத்தில், பனி மிச்சமிருக்கும். வெயில் நகர நகர அதன் ஓரம் ஈரமாகி மினுங்கும். வெள்ளைப் பொருள் நிழலில், பழுப்புப் புல் வெளிச்சத்தில். இந்தத் தலைகீழ்தான் படத்தின் உயிர்.

வீட்டுக்கு வந்ததும், 28×38 செ.மீ. அளவில் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாள், லேசான சொரசொரப்புள்ள கோல்ட் பிரஸ்டு வகை. மரக்கூழ்த் தாள் சீக்கிரம் காய்ந்து கோடு விடும், காசை இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். வண்ணம் நான்கு: அல்ட்ராமரீன் நீலம், பிரஷ்யன் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), ரா சியன்னா (மண்மஞ்சள்). 12ஆம் எண் உருண்டைத் தூரிகை ஒன்று, நுண்கிளைக்கு 1ஆம் எண் ரிக்கர் எனும் நீண்ட மயிர்கொண்ட மெல்லிய தூரிகை ஒன்று.

தாளின் இருபுறமும் நனைத்து அக்ரிலிக் பலகையில் ஒட்டவையுங்கள். சென்னை வெக்கையிலும் பத்துப் பதினைந்து நிமிடமாவது ஈரம் நிற்கும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். கண்ணாடிப் பளபளப்பு அடங்கி, பட்டுத்துணி மினுக்கு வரும்வரை பொறுத்து, வானத்துக்கு அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த சாம்பலை நீர்மோர் பதத்தில் இடுங்கள். அடிவானத்தில் ரா சியன்னா ஒரு சாயல். தூரத்து மரங்கள் பால் பதம், கிட்டத்து மரங்கள் கெட்டித் தயிர் பதம்.

பெரும்பாலான படங்கள் கெடுவது இந்தப் பதத்தில்தான். பாதி காய்ந்த தாளில் அதைவிட நீர்த்த வண்ணம் பட்டால், நீர் உலர்ந்த பக்கம் ஓடி, நிறமியைத் தள்ளிக்கொண்டுபோய்க் காலிஃபிளவர் மாதிரி விளிம்பு கட்டும். அடுத்து வைப்பது எப்போதும் முந்தையதைவிடக் கெட்டியாக இருக்கவேண்டும். விளிம்பு கட்டிவிட்டதா? அந்த ஈரத்தில் தேய்க்கவே கூடாது. முழுக்கக் காயவிட்டு, ஈரத் தூரிகையால் விளிம்பை மட்டும் மெல்லத் தளர்த்தி ஒற்றியெடுங்கள்.

மரத்தின் அடியை வரையவே வேண்டாம். தண்டின் கீழ்ப்பகுதி ஈரமாக இருக்கும்போதே, பிழிந்த தூரிகையால் ஒற்றி ஆவிக்குள் கரையவிடுங்கள். அச்சம் பிறப்பது கண்ணுக்கு எட்டாத இடத்தில்தான். ஆந்தை, நிலா, ஒற்றை மனிதன் எல்லாம் சேர்த்தால் காடு பின்னுக்குப் போய்விடும். அதற்குப் பதில், தண்டுகளின் வரிசையில் ஓரிடத்தில் மட்டும் கட்டை விரல் அகலத்தில் ஓர் இருட்டு வாயைத் திறந்துவையுங்கள். பிரஷ்யன் நீலத்தில் பர்ன்ட் சியன்னாவை நிறையக் கலந்தால் கறுத்த பச்சை கிடைக்கும். டப்பாக் கறுப்பு அங்கே செத்துக் கிடக்கும்.

தாள் முழுக்கக் காய்ந்தபின் முன்புறப் புல். வெயில் பட்ட பகுதிக்கு ரா சியன்னா. பனிக்குத் தாளின் வெண்மையை விட்டு, அதன்மேல் அல்ட்ராமரீனை மிக நீர்க்க ஒரே பூச்சு. நிழலுக்கு ஒளி தருவது நீலவானம் என்பதால் அது சாம்பலாகாது. ஓரத்தில் மட்டும் உலர்ந்த தூரிகையைச் சாய்த்து இழுத்தால் தாளின் சொரசொரப்பில் வெள்ளைப் புள்ளிகள் தங்கி, உறைந்த புல்நுனியாகும்.

கடைசியாக ரிக்கர். காம்பின் நுனியைப் பிடித்து, கிளையின் அடியிலிருந்து நுனிக்கு ஒரே இழுப்பு, ஏழெட்டுக் கிளை போதும். வண்ணம் காய்ந்தால் வெளிறும், அதனால் அந்த இருட்டு வாய் மறுநாள் பார்க்கையில் சற்று மங்கியிருக்கும். அதன் நடுவில் மட்டும், விளிம்பைத் தொடாமல், இன்னொரு பூச்சு வையுங்கள்.