லத்தீன் டிராப் மெட்டில் தமிழ்ச் சொல்லை உட்கார வைப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊரில் ஒரு மடிக்கணினி, ஒரு மைக், கதவு சாத்தக்கூடிய ஓர் அறை இருந்தால் இந்த வேலைக்குப் போதும். கருவியைவிடக் காது முக்கியம். லத்தீன் டிராப், அதாவது டிராப் அடியில் ஸ்பானிய மொழியில் பாடும் ராப் செய்கிறோம் என்று ஆரம்பிக்கும் பிள்ளைகளில் பாதிப்பேர், இன்னொரு லத்தீன் நடன இசையான ரெகேட்டனின் அடியைப் போட்டுவிடுகிறார்கள். முதலில் அதைப் பிரித்துவிடுவோம்.

ஒரு பாரை, அதாவது நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு தாளச் சுற்றை, 16 கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ரெகேட்டனில் கிக் (ஆழமான டிரம் அடி) 1, 5, 9, 13ஆம் கட்டங்களில் விழும். ஸ்னேர் (கூர்மையான டிரம் அடி) 4, 7, 12, 15இல். மூன்று, மூன்று, இரண்டு என்று துள்ளும் இந்த அடிக்கு டெம்பௌ (dembow) என்று பெயர். வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 90 முதல் 100. லத்தீன் டிராப்பில் அந்தத் துள்ளல் இல்லை. மென்பொருளில் 130 முதல் 140 என்று வேகம் வைத்தாலும், ஸ்னேர் ஒரு பாருக்கு ஒரே முறை, 9ஆம் கட்டத்தில் விழுவதால் காதுக்கு அது 65, 70 போலத்தான் நடக்கும். அந்த நிதானம்தான் குரலுக்கு இடம் கொடுக்கிறது.

அடியின் பிறப்பிடம் அமெரிக்காவின் அட்லாண்டா. அந்த ஊர் ராப்பர் டி.ஐ.யின் 2003ஆம் ஆண்டு ஆல்பம் தலைப்பிலேயே டிராப் என்ற சொல்லைத் தாங்கி வந்தது. புவெர்ட்டோ ரிக்கோவில் டி லா கெட்டோ, ஆர்காஞ்சல் போன்றவர்கள் 2007 வாக்கிலேயே இதைத் தொட்டுப் பார்த்தார்கள். 2016இல் டிஜே லூயானும் மாம்போ கிங்ஸும் தயாரித்த ‘லா ஒகாசியோன்’ பாட்டில் அந்த இருவரோடு ஒசூனாவும் அனுவெல் ஏஏவும் சேர்ந்தபோது கதவு திறந்தது. அதே ஆண்டு, வேகா பாஹா ஊரின் பேரங்காடியில் சாமான்களைப் பையில் போட்டுக்கொடுக்கும் வேலையில் இருந்த ஓர் இளைஞர் சவுண்ட்கிளவுட்டில் ஏற்றிய பாட்டு லூயானின் கண்ணில் பட்டது. அவர்தான் பேட் பன்னி. 2020 நவம்பரில் வந்த அவருடைய ஆல்பம், முழுக்க ஸ்பானிய மொழியில் இருந்து அமெரிக்காவின் பில்போர்டு 200 ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் ஆல்பம்.

இதில் நமக்கு வேண்டிய பாடம் அவர்களுடைய உச்சரிப்பில் இருக்கிறது. அவர்கள் பாடப்புத்தக ஸ்பானியத்தில் பாடவில்லை. புவெர்ட்டோ ரிக்கோ பேச்சில் சொல்லின் கடைசி ‘ஸ்’ தேய்ந்துவிடும், ‘கன்சாதோ’ ‘கன்சாவ்’ ஆகும், அசையின் இறுதியில் வரும் ‘ர்’ ‘ல்’ ஆகும். மெய் உதிர்ந்து உயிர் மட்டும் மிஞ்சுவதால் எதனோடும் எதையும் இயைபு கட்டலாம். தெருப்பேச்சையே யாப்பாக மாற்றிக்கொண்டார்கள். இங்கே மலேசியாவில் 2006இல் யோகி பி, நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’ ஆல்பமும் நம் ஊர்த் தமிழை வைத்துத்தான் நின்றது.

அடியும் 808உம்

வேகம் 130. ஸ்னேருக்குப் பதில் கிளாப் (கைதட்டல் ஒலி) 9ஆம் கட்டம். கிக் முதல் பாரில் 1, 7, 11. இரண்டாம் பாரில் 1, 4, 11. ஹை-ஹேட் ஒற்றைப்படைக் கட்டங்களில் எட்டு அடி, ஒன்று பலமாக (100), அடுத்தது மெதுவாக (70). எல்லாம் ஒரே பலத்தில் இருந்தால் தையல் இயந்திரம் ஓடுவது போலக் கேட்கும். உருட்டல் நான்கு பாருக்கு ஒரு முறை போதும்: கடைசி இரண்டு கட்டங்களில் நான்கு அடி, அல்லது கடைசி நான்கு கட்டங்களில் ஆறு அடி. பாருக்குப் பார் உருட்டினால் பாடகர் மூச்சுவிட இடமே இருக்காது.

808 என்பது ரோலண்ட் நிறுவனம் 1980இல் வெளியிட்ட டிரம் இயந்திரத்தின் கிக் ஒலி. டிராப்பில் அதை நீட்டி பாஸ் சுரமாக வாசிக்கிறோம். சுரத்தை அதிர்வெண்ணால் தேர்ந்தெடுங்கள்: எஃப் என்றால் 43.65 ஹெர்ட்ஸ், ஜி என்றால் 49, ஏ என்றால் 55. எண்ணைச் சொல்லக் காரணம் உண்டு. எஃப்எல் ஸ்டுடியோ நடு ‘சி’யை சி5 என்று எழுதும், மற்ற பல மென்பொருள்கள் சி4 என்று எழுதும். பெயரை நம்பினால் ஒரு ஸ்தாயி தவறிவிடும். 37 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காதீர்கள். சாதாரணக் கார் ஸ்பீக்கர் அங்கே காற்றை மட்டும்தான் தள்ளும்.

ஒரு 808 முடியும் முன் அடுத்தது தொடங்கினால் இரண்டும் மோதிக் குழம்பும். ‘கட் இட்செல்ஃப்’ அமைப்பைப் போட்டால் புதியது வந்ததும் பழையது நின்றுவிடும். கிக்கும் 808உம் ஒரே கட்டத்தில் விழும்போது சைட்செயின் (ஒன்று ஒலிக்கும்போது மற்றதைத் தானாகத் தாழ்த்தும் அமைப்பு) வைத்து 808ஐ 3, 4 டெசிபெல் தாழ்த்துங்கள், 60 முதல் 80 மில்லிசெகண்டில் திரும்பட்டும். அதற்கு மேல் சாச்சுரேஷன், அதாவது ஒலியை லேசாகச் சிதைத்து மேலொலி எழுப்புவது, கொஞ்சம். கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் 43 ஹெர்ட்ஸ் கேட்கவே கேட்காது. சாச்சுரேஷன் எழுப்பும் 131, 175, 218 ஹெர்ட்ஸ் மேலொலிகளைக் கேட்டுத்தான் காது பாஸ் இருப்பதாக உணரும்.

808 ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவதை கிளைடு என்பார்கள். அதைக் கேட்டதும் தோட்டத்துப் பிள்ளைக்கு ஒன்று ஞாபகம் வர வேண்டும்: உறுமி. ஒரு முகத்தில் வளைந்த குச்சியைத் தேய்க்கும்போது ‘ஊம்ம்’ என்று ஏறி இறங்கும் அந்த முனகல் கிளைடேதான். கோயில் திருவிழாவில் கேட்டு வளர்ந்த காது இந்த இசைக்குப் பாதி தயாராக இருக்கிறது. 2018 ஜூலையில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த, கார்டி பியோடு பேட் பன்னியும் ஜே பால்வினும் பாடிய டிராப் பாட்டு, 1967இன் லத்தீன் பூகலூ பாட்டு ஒன்றின் மேல் கட்டப்பட்டது. அவர்கள் வீட்டுப் பழைய இசையை எடுத்தார்கள். நம் வீட்டில் உறுமி இருக்கிறது.

உறுமிக் குழுவிடம் கேட்டு, சம்மதம் வாங்கி, தேய்ப்பொலியை மட்டும் தனியாகப் பதியுங்கள். சாமி அழைக்கும் அடியை எடுத்து வீராப்புப் பாட்டுக்குப் போடாதீர்கள். அது அந்த இடத்துக்கு உரியது. பதிந்த ஒலியின் சுதியை 808இன் சுரத்துக்கு மாற்றி, 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, 808 ஓயும் இடைவெளியில் வையுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் முனகினால் இரண்டுமே காணாமல் போகும்.

மெலடிக்கு நைலான் கிட்டாரோ பியானோவோ, நான்கு சுரம், மைனர். கீரவாணி தெரிந்தவர்களுக்கு ஹார்மானிக் மைனர் தெரியும், இரண்டும் ஒன்று. தோடியின் சின்ன ரிஷபம் இன்னும் இருட்டாக ஒலிக்கும்.

சொல்லைக் கட்டத்தில் வைப்பது

பலர் தடுக்கி விழுவது இங்கேதான். டிராப்பின் மும்மை நடை நமக்குப் புதிதல்ல, திஸ்ரம். ஓர் எண்ணிக்கைக்கு ஒரு ‘தகிட’; ஒரு பாருக்கு நான்கு ‘தகிட’, ஆக 12 கட்டம். 130 வேகத்தில் ஒரு பார் ஏறக்குறைய 1.85 விநாடி, அதாவது விநாடிக்கு ஆறரை எழுத்து. வாய் பழகினால் வசதியான வேகம்தான். ‘தகதிமி’ என்று 16 எழுத்தைத் திணித்தால் விநாடிக்கு எட்டரைக்கு மேல் போகும், தமிழில் மெய்கள் நசுங்கும்.

ஸ்பானியத்தில் குறில் நெடில் வேறுபாடு கிடையாது. அதனால் அவர்கள் எல்லா அசையையும் ஒரே நீளத்தில் அடுக்கலாம். நாம் அப்படியே நகலெடுத்தால் பொருளே மாறும்: ‘பாட்டு’ குறுகினால் ‘பட்டு’, ‘வீடு’ குறுகினால் ‘விடு’. விதி எளிது. குறிலுக்கு ஒரு கட்டம், நெடிலுக்கு இரண்டு. குறிலோடு ஒற்று சேர்ந்தாலும் ஒரே கட்டம்தான்.

கதவு / திறந்து / தோட்டம் / தாண்டி
இரவு / முழுதும் / கூட்டம் / கூடி

‘கதவு’ மூன்று கட்டம், ‘திறந்து’ மூன்று. ‘தோட்’ இரண்டு, ‘டம்’ ஒன்று. ‘தாண்’ இரண்டு, ‘டி’ ஒன்று. மொத்தம் 12. இரண்டாம் வரியும் அதே கணக்கு. இப்போது கிளாப் எங்கே விழுகிறது என்று பாருங்கள்: பாரின் நடுவில், ஏழாவது கட்டத்தில், ‘தோ’வின் மேல். அடுத்த வரியில் ‘கூ’வின் மேல். எதுகைச் சொல்லை எப்போதும் அந்த ஏழாம் கட்டத்தில் தொடங்குங்கள். தோட்டம், கூட்டம், ஓட்டம், வாட்டம் என்று கிளாப்போடு சேர்ந்து எதுகை அடிக்கும்போது வரிக்கடைசியில் இயைபைத் தேடி அலைய வேண்டாம். ‘ட்ட’வுக்கு முன்னால் வாய் ஒரு கணம் மூடுகிறதே, அந்த மௌனம் கிளாப்பின் வாலை விழுங்காமல் விடுகிறது. காசு கொடுத்து வாங்க முடியாத தாளம் அது.

சொற்களுக்குச் சென்னைப் பக்கம் போகாதீர்கள். பெரட்டு (காலை ஆள்கணக்கு), கிராணி (கணக்கர்), மண்டோர் (மேற்பார்வையாளர்), காண்டா (தோளில் சுமக்கும் தடி), லயம் (தொழிலாளர் வரிசை வீடு) என்று பாட்டன் பேசிய சொற்கள் வேறு எந்த ஊர் ராப்பிலும் எளிதில் கிடைக்காதவை. ‘பெரட்டு’ அப்படியே ஒரு ‘தகிட’. ‘மண்டோர்’ ஒன்றும் இரண்டுமாக விழும், அதனால் எண்ணிக்கை எதிர்ப்பக்கமாகச் சாயும். நான்கு வரிக்கு ஒரு முறை வைத்தால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இடையில் போடும் கூச்சலையும் சொந்தமாகக் கண்டுபிடியுங்கள். ‘பிர்ர்’ அனுவெலுடையது, அதை எடுத்தால் யாரைப் போலச் செய்கிறீர்கள் என்று உடனே தெரிந்துவிடும்.

பதிவு

தகரக் கூரைதான் எதிரி. மாலை மழையில் பதிவே நடக்காது, காலையில் வையுங்கள். செம்பனைக் குலை லாரி போகும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட அறைக்கு கண்டென்சர் மைக் வேண்டாம், பக்கத்து வீட்டுச் சேவல்வரை எடுத்துவிடும். ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக் போதும். பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் தோத்தோ மெத்தையைத் தொங்கவிடுங்கள், ஏனென்றால் மைக் பார்க்கும் திசை அதுதான். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண். ‘ப’ வெடிக்காமல் இருக்க மைக்கைச் சற்றுச் சாய்த்து வையுங்கள். அளவு உச்சத்தில் -12 முதல் -6 டெசிபெல், 24 பிட். இரைச்சல் கேட்டால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பாதி நேரம் அதுதான் காரணம். இடி கேட்டதும் எல்லா பிளக்கையும் உருவிவிடுங்கள்.

சுதி திருத்தியில் (ஆட்டோ-டியூன்) பாட்டின் சுதியைச் சரியாகக் கொடுங்கள். தவறினால் குரல் இல்லாத சுரத்துக்குத் தாவும். திருத்தும் வேகம் 0 முதல் 20 மில்லிசெகண்டில்தான் அந்த இயந்திரக் குரல் வரும். கமகம் இழைக்கும் வரிக்கு மட்டும் 40க்கு மேல் ஏற்றுங்கள், இல்லையென்றால் கமகம் படிக்கட்டாகிவிடும்.

குரலில் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, 300 பக்கம் 2 டெசிபெல் குறைப்பு, கம்ப்ரெஷன் 4க்கு 1. எதிரொலி 461 மில்லிசெகண்ட், அது 130 வேகத்தின் ஓர் எண்ணிக்கை. கூச்சல்களை இடமும் வலமும் பிரித்து, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். முடிந்ததை முதலில் கைப்பேசியில், பிறகு யாருடைய மைவி காரிலாவது கேளுங்கள். கைப்பேசியில் பாஸ் காணோம் என்றால் சாச்சுரேஷனைக் கூட்டுங்கள். காரில் கதவு அதிர்ந்து குரல் மறைந்தால் 808ஐ 2 டெசிபெல் இறக்குங்கள். இறுதி அளவு -14 லஃப்ஸ் (ஒலி உரப்பின் அலகு) பக்கம், உச்சம் -1 டெசிபெல்.

யூடியூபில் ‘இலவசம்’ என்று கிடக்கும் பீட்டை வைத்துப் பாடியிருந்தால் உரிம விவரத்தை ஏற்றுவதற்கு முன் படியுங்கள். பெரும்பாலும் அந்த இலவசம் வருமானம் இல்லாத பயன்பாட்டுக்கு மட்டும்தான். கலைஞர் பெயரை எல்லாத் தளங்களிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் கொடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் இரண்டாம் பாட்டு வேறொருவர் பக்கத்தில் போய் உட்காரும்.