ஓநாய்க் கவசம்: வெள்ளியை வீட்டுக்குச் சுமக்காதீர்கள்

வால்ஹெய்ம் என்ற வீடியோ கேமில் மலையேறத் தொடங்கும் புதியவர்களோடு ஆடும்போதெல்லாம் என் பழைய முட்டாள்தனங்களையே திரும்பப் பார்க்கிறேன். குளிருக்கு மருந்து குடிக்காமல் ஏறுவது, சதுப்பு நிலத்தின் தலைவன் போன்மாஸைக் கொன்று, புதைந்த வெள்ளியைக் காட்டும் விஷ்போனை வாங்காமலே வெள்ளி தேடுவது, இதையெல்லாம் சொல்லப்போவதில்லை. ஒருமுறை செத்தால் தானாகப் புரிந்துவிடும். ஓநாய்க் கவசம் செய்யும்போது நடக்கும் தவறுகள் மட்டும்தான் இங்கே.

மார்புக் கவசத்தின் ரெசிபி வரவில்லையா?

தேவையான பொருளையெல்லாம் ஒருமுறை கையில் எடுத்தால்தான் ரெசிபி காட்டும். சங்கிலியை ஒருமுறையாவது எடுத்தீர்களா? சதுப்பு நிலத்துக்குத் திரும்பிப் போங்கள்.

வெள்ளியைச் சுமந்து வீடு திரும்புவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். கணக்கைப் பாருங்கள். தலை, மார்பு, கால் மூன்றுக்கும் தலா 20 வெள்ளி, மேலங்கிக்கு 4. ஆக 64. ஒவ்வொன்றும் 14 எடை. நாம் தூக்கக்கூடியது 300. வியாபாரி ஹால்டோரிடம் 950 காசு கொடுத்து, கூடுதல் எடை தூக்கவைக்கும் பெல்ட்டை வாங்கினால் 450. உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல் போனாலும் இரண்டு நடை. இந்தக் கட்டத்தில் கட்டும் போர்ட்டலோ (நொடியில் வேறிடம் கொண்டுபோகும் வாசல்) உலோகத்தை விடாது. (2023இல் வந்த உலக அமைப்புகளில் இதைத் தளர்த்தலாம். அதைத் தொடாமல் ஆடுபவர்களுக்குத்தான் இந்தப் புலம்பல்.)

நான் என்ன செய்தேன்? மொத்தத்தையும் கப்பலில் ஏற்றினேன். எதிர்க்காற்று, இரவு, மழை, நடுக்கடலில் பாம்பு. கப்பல் உடைந்தது, நானும் போனேன். சரக்குப் பெட்டி ஒரு பக்கம், செத்தபோது என் பொருள்களோடு விழுந்த கல்லறை ஒரு பக்கம் மிதந்துகொண்டிருந்தன. அவற்றை மீட்க இன்னொரு கப்பல் கட்டி, அரை ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

எனக்கு அப்போது உறைக்காதது: உலோகத்தைத்தான் போர்ட்டல் தடுக்கும், செய்து முடித்த கவசத்தைத் தடுக்காது. ஆகவே பட்டறையை மலையடிவாரத்துக்குக் கொண்டுபோங்கள். தாதுவை உருக்கும் ஸ்மெல்ட்டருக்கு 20 கல், 5 சர்ட்லிங் கோர் (சர்ட்லிங் என்ற தீ உயிரிகளிடம் கிடைப்பது). கோர் போர்ட்டலில் தாராளமாகப் போகும், கல் அங்கேயே கிடைக்கும். கவசம் அடிக்கும் ஃபோர்ஜுக்கு வேண்டிய 6 செம்பை மட்டும் நடந்தோ கப்பலிலோ கொண்டுபோகவேண்டும். அதன் படியை உயர்த்தத் துணைக்கருவி வைக்கவேண்டியிருக்கும். கொஞ்சம் வெண்கலமும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு கூரை. கவசத்தை அங்கேயே அடித்து, போட்டுக்கொண்டு, போர்ட்டலில் வீட்டுக்கு வாருங்கள். கிளம்பும்போது பட்டறையைப் பிரித்தால் செம்பும் கோரும் அப்படியே கைக்குத் திரும்பும் (செம்பு மட்டும் போர்ட்டலில் போகாது).

போன வாரம் ஒரு பையனிடம் இதைச் சொன்னேன். "சரிண்ணா" என்றான். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் கப்பல் கட்டிக்கொண்டிருக்கிறான்.

மேலங்கியும் மார்புக் கவசமும் ஒரே மூச்சில்

இரண்டுமே குளிர் தாங்கும். ஒன்று கிடைத்ததும் மற்றதற்கு அடித்துக்கொள்ள வேண்டாம்.

ட்ரேக் தலை

தலைக்கவசத்துக்கு ட்ரேக்கின் (மலையில் பறக்கும் டிராகன்) தலை இரண்டு வேண்டும், கொன்றால் அது விழுவதோ பத்தில் ஒன்று. ஆகவே செங்குத்துப் பாறை ஓரத்தில் நின்று ட்ரேக்கைச் சுடாதீர்கள். என்னுடைய இரண்டாவது தலை எந்தப் பள்ளத்தில் கிடக்கிறதோ.