பழைய பைபர் போட் வாங்க முன்னம்: விறைப்பையும் அளவுகளையும் கையால் சோதிப்பது எப்படி

முல்லைத்தீவுக் கரையில் ஒரு பழைய பைபர் போட்டுக்கு விலை பேசும்போது இரண்டு கேள்விதான் முதலில் வரும்: எத்தனை அடி, எத்தனை குதிரைவலு எஞ்சின் கொழுவலாம். இரண்டுக்கும் பதில் கிடைத்தாலும் போட்டின் தரம் தெரிந்துவிடாது. இவை ஓடர் கொடுத்துக் கட்டுவிக்கிற போட்டுகள். ஒரே அச்சில் எடுத்த இரண்டு 19 அடிப் போட்டுகளில் ஒன்றின் அடித்தகடு 6 மில்லிமீற்றர் தடிப்பாகவும், மற்றதின் அடித்தகடு நாலரை மில்லிமீற்றராகவும் இருக்கலாம். முதல் சொந்தக்காரர் எத்தனை அடுக்கு மெற் (கண்ணாடி நார் விரிப்பு) போடச் சொன்னார், எந்த எஞ்சினுக்கென்று கட்டுவித்தார் என்பதெல்லாம் பெயின்றுக்கு அடியில் மறைந்து கிடக்கும்.

அந்த ஒன்றரை மில்லிமீற்றரைச் சின்ன விடயமாக நினைக்க வேண்டாம். தட்டையான பைபர் தகட்டின் விறைப்பு அதன் தடிப்பை மூன்று தடவை பெருக்கினால் (தடிப்பு × தடிப்பு × தடிப்பு) வரும் எண்ணுக்கு ஏற்ப மாறும். 6 மி.மீ. தகட்டின் விறைப்பை 100 என்று வைத்தால், 5 மி.மீ. தகட்டுக்கு 58, நாலரைக்கு 42, நாலுக்கு 30. தடிப்பு கால்வாசி குறைய விறைப்பு பாதிக்கும் கீழே போய்விடுகிறது.

வளையிற அடி ஏன் கூடாது? அலை அடிக்கும் ஒவ்வொரு தடவையும் தகடு உள்ளே போய் வெளியே வரும். கண்ணாடி நார் அந்த இழுவையைத் தாங்கும். நாரைச் சேர்த்து இறுக்கிப் பிடிக்கும் ரெசின் அவ்வளவு தாங்காது, கண்ணுக்குத் தெரியாமல் வெடிக்கும். வெடிப்புக்குள் தண்ணீர் போகும், அடுக்குகள் பிரியும், தகடு இன்னும் இளகும். இளகினது இன்னும் கூட வளையும். இது தொடங்கிவிட்டால் தானாக நிற்காது.

அதற்காக விறைப்பு கூடக்கூட நல்லது என்றும் இல்லை. கொக்கிளாயிலிருந்து சாலை என்ற ஊர் வரை உள்ள கிழக்குக் கரையில் அலை உடைகிற இடத்தால்தான் போட் இறங்கி ஏற வேண்டும். இங்கே அடித்தகட்டின் முன்பக்க மூன்றில் ஒரு பங்கு இறுக்கமாக இருந்தே ஆக வேண்டும், ஏனென்றால் அலையில் ஏறி விழும்போது அடி வாங்குவது அந்த இடம்தான். நாச்சிக்குடா, வலைப்பாடு, பூநகரிப் பக்கம் கடல் ஆழம் குறைவு. அங்கே ஏராவின் (அடியின் நடுவே நீளவாக்கில் ஓடும் முதுகின்) தேய்மானமும் பாரக் குறைவும்தான் பெரிய விடயம். நாயாறு, நந்திக்கடல் களப்புகளில் தொழில் செய்ய நினைப்பவர் தடித்த கடல் போட்டுக்குக் காசைக் கொட்டத் தேவையில்லை. பாரம் கூடினால் எண்ணெய் கூடக் குடிக்கும், கரையேற்ற ஆளும் கூட வேண்டும்.

தடிப்பை அளத்தல்

மேல்விளிம்பில் அளக்காதீர்கள். அங்கே எல்லாரும் தடிப்பாகத்தான் போடுவார்கள். அடியில் நிற்கும் தண்ணீரை வெளியேற்றும் துளையின் அடைப்பானைக் கழற்றுங்கள். முனை வளைத்த ஒரு கம்பியைத் துளைக்குள் விட்டு உள்விளிம்பில் கொளுவி, வெளிவிளிம்பில் அடையாளம் வைத்து அளந்தால் உண்மைத் தடிப்பு வரும். சதுர மீற்றருக்கு 450 கிராம் பாரமுள்ள மெற் ஒரு அடுக்கு காய்ந்தால் ஏறத்தாழ 1 மி.மீ. "அடித்தகட்டுக்கு ஆறு அடுக்குப் போட்டது" என்று சொல்லும் போட்டில் 4 மி.மீ. தான் அளவு வந்தால், சொல்லும் பொருளும் பொருந்தவில்லை. சில போட்டுகளில் துளையைச் சுற்றி மட்டும் கூட அடுக்கு இருக்கும். அதனால் பழைய போல்ற் துளை ஒன்றிலும் அளந்து ஒப்பிடுங்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு அவசரத்தில் கட்டிக் கொடுக்கப்பட்ட போட்டுகளில் கட்டுமானக் குறைகள் பல இருந்தன. அந்தக் காலத்துப் போட் என்றால் இந்த அளவையைத் தவறவிட வேண்டாம்.

வெடிப்புகளை வாசித்தல்

போட்டை நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிட்டு, காலை வெயில் சரிவாக விழும்போது பாருங்கள். ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம்போல விரிகிற வெடிப்பு, கல்லோ நங்கூரமோ அடித்த காயம். அந்த இடத்தோடு முடிகிற விடயம் அது. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக ஒரே திசையில் ஓடும் மயிரிழை வெடிப்புகள் வேறு கதை: அந்தத் தகடு நாளாந்தம் வளைகிறது என்பதற்கு அவைதான் சாட்சி. உள்ளே குறுக்குச் சட்டம் ஒட்டியிருக்கும் இடத்துக்கு நேரே வெளியில் கோடு விழுந்திருந்தால், சட்டம் இறுகி நிற்க இரண்டு பக்கத் தகடும் மடிகிறது. "உது சும்மா பெயின்ற் வெடிப்பு அண்ணை, ஒண்டும் செய்யாது" என்பார்கள். நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டினால் வெடிப்பு ஜெல்கோட்டுக்குள் (வெளி ரெசின் பூச்சுக்குள்) இறங்கிவிட்டது. ஜெல்கோட் முழுத் தடிப்பே அரை மில்லிமீற்றர் அளவுதான். அதற்குக் கீழே போனதா என்பதை அந்த இடத்தில் கொஞ்சம் தேய்த்துப் பார்த்தால்தான் சொல்லலாம்.

கொப்புளம் இருந்தால் ஒன்றை ஊசியால் குத்துங்கள், கண்ணை விலக்கிக்கொண்டு. வெளியே வரும் நீர் வினாகிரி மணத்தால், தண்ணீர் ரெசினோடு சேர்ந்து உள்ளே வேலை செய்கிறது.

புதிதாகப் பெயின்ற் அடித்த போட் என்றால் உள்பக்கத்தைப் பாருங்கள். உள்ளே பெரும்பாலும் யாரும் மினக்கெட்டுப் பூசுவதில்லை. பெயின்ற் இல்லாத ஓர் இடத்தில் அசிற்றோன் நனைத்த துணியை அரை நிமிடம் அழுத்தித் தேயுங்கள். பிசுபிசுத்தால் அந்த ரெசின் சரியாக இறுகாதது. ரெசினை இறுக வைக்கும் ஹார்டனரைக் குறைத்துக் கலந்திருக்கும். அந்தப் போட் எத்தனை மில்லிமீற்றர் இருந்தாலும் விறைப்பு வராது.

தட்டலும் மிதித்தலும்

தடித்த பழைய ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்றால் அடி முழுவதும் இரண்டு அங்குலத்துக்கு ஒரு தட்டு. முற்றின தேங்காயைத் தட்டிக் கேட்பதுபோலக் காது கொடுக்க வேண்டும்: நல்ல தகடு கூர்மையாக ஒலிக்கும், அடுக்குப் பிரிந்த இடம் மந்தமாகக் கேட்கும். ஒலி மாறும் எல்லையைச் சோக்கால் கோடு போடுங்கள். தட்டி முடியும்போது சேதத்தின் பரப்பு உங்கள் முன்னால் வரைந்திருக்கும். விலை பேச அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

பிறகு வளைவை அளக்க வேண்டும். நாலைந்து பேரோடு போட்டைக் கவிழ்த்து மணலில் உறுதியாக வையுங்கள். நேரான அலுமினியச் சட்டம் ஒன்றை, அடுத்தடுத்த இரண்டு குறுக்குச் சட்டங்கள் இருக்கும் இடங்களின் மேல் சின்னக் கட்டைகள் வைத்துப் பாலமாகப் போடுங்கள். நடுவில் அலுமினியச் சட்டத்துக்கும் தகட்டுக்கும் இடைவெளியை அளங்கள். அதற்குப் பக்கத்தில் 60 கிலோ ஆள் ஒருவர் வெறுங்காலோடு ஏறி நிற்கட்டும். மறுபடி அளங்கள். இதே ஆள், இதே தூரம், மறுபக்கத்திலும். இந்த எண்ணைத் தனியாக வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. இடமும் வலமும் ஒப்பிட்டால்தான் பேசும். ஒரு பக்கம் 3 மி.மீ., மற்றப் பக்கம் 7 என்றால் அந்தப் பக்கம் அடுக்குப் பிரிந்திருக்கிறது அல்லது உள்ளே சட்டம் விட்டுவிட்டது. மிதிக்கும்போது நொறுங்கும் சத்தம் கேட்டால் மேலே சோதிக்கத் தேவையில்லை.

கவிழ்த்தபடியே இன்னொன்று: அடியின் பின்பக்கக் கடைசி ஐந்து அடிக்கு நீளவாக்கில் அதே அலுமினியச் சட்டத்தை வைத்துப் பாருங்கள். போட் நிமிர்ந்திருக்கும் நிலையை வைத்துச் சொன்னால், கடைசியில் கீழ்நோக்கி வளைந்திருந்தால் ஓடும்போது அணியத்தை (முன்முனையை) அமுக்கும். மேல்நோக்கி வளைந்திருந்தால் வேகத்தில் குதித்துக் குதித்து ஓடும். டயர் இரண்டின் மேல் வருடக்கணக்கில் சும்மா கிடந்த போட்டுகளுக்கு இந்த வளைவு வரும். திருத்துவது கடினம்.

எஞ்சின் பலகை

வாங்கினபின் கூடுதலாகக் காசைத் தின்பது இதுதான். பின்பலகைக்குள் பிளைவூட் இருக்கும். கிளாம்ப் திருகும் இடத்தாலும் போல்ற் துளையாலும் தண்ணீர் இறங்கி, வெளியே பைபர் பளபளக்க உள்ளே மரம் உக்கிப் போகும். தள்ளுவிசை கிளாம்புக்கு அரை மீற்றர் கீழே, புரொப்பல்லரில் பிறக்கிறது; அந்த நெம்பு முழுவதும் பலகையில்தான் வந்து விழும்.

எஞ்சினைக் கொழுவி, மேலே தூக்கிப் பூட்டி, கீழ்க்காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஒருவர் பலகையின் மேல்விளிம்பில் விரலை வைத்திருக்கட்டும். பலகை அசைந்தாலோ மூலையில் வெடிப்பு வாய் திறந்தாலோ தண்ணீர் கசிந்தாலோ உள்ளே மரம் போய்விட்டது. மேலேயும் கீழேயும் தடிப்பை அளந்து பாருங்கள், ஊதியிருந்தால் வித்தியாசம் தெரியும். சந்தேகம் தீராவிட்டால், விற்பவரின் சம்மதத்தோடு உள்பக்கம் கீழே 4 மி.மீ. துளை ஒன்று. தும்பு உலர்ந்து வெளிறி வந்தால் நல்லது, கறுத்து ஈரமாக வந்தால் பலகை முழுவதும் மாற்ற வேண்டும். துளையை அன்றைக்கே ரெசினால் அடைத்துவிடுங்கள்.

15 குதிரைவலுவுக்குக் கட்டின போட்டில் பின்னாளில் 40 கொழுவி ஓடியிருக்கிறார்களா என்று கேளுங்கள். பலகையில் வேறு இடைவெளியில் பழைய துளைகள் அடைபட்டிருந்தால் வாய் சொல்லாததை அது சொல்லும். உயரமும் பொருந்த வேண்டும்: குட்டைக்கால் எஞ்சினுக்குப் பலகை 15 அங்குலம், நெட்டைக்கால் எஞ்சினுக்கு 20 அங்குலம். 20 அங்குலப் பலகையில் குட்டைக்கால் கொழுவினால் புரொப்பல்லர் காற்றைக் குடிக்கும், எஞ்சின் கத்தும், போட் நகராது.

பாரம்

மிதப்புக்கு உள்ளே அடைத்த போம் (நுரைக்கட்டி) தண்ணீர் குடித்திருந்தால் போட் இரகசியமாகக் கனத்திருக்கும். 300 கிலோ தாங்கும் தொங்குதராசு போதும். பின்முனையைக் கட்டையில் வைத்து அணியத்தைத் தூக்கி ஓர் அளவு, அணியத்தைக் கட்டையில் வைத்துப் பின்முனையைத் தூக்கி இன்னோர் அளவு. கூட்டினால் மொத்தப் பாரம். அதே அச்சில் எடுத்த வேறொரு போட்டோடு ஒப்பிடுங்கள். 40, 50 கிலோ கூட என்றால் அது அனேகமாகத் தண்ணீர், திருத்த வேலையின் பாரம் இல்லையென்றால்.

திருத்தக் கணக்கு

சோக்கால் கோடு போட்ட பரப்பு ஒரு சதுர மீற்றர் என்று வைப்போம். 450 மெற் மூன்று அடுக்குக்கு நார் 1.35 கிலோ. ரெசின் அதன் இரண்டரை மடங்கு, ஏறத்தாழ 3.4 கிலோ. ஹார்டனர் 1 முதல் 2 சதவீதம். எங்கள் வெக்கைக்கு 1 சதவீதத்தை ஒட்டி, காலையிலோ பின்னேரமோ, நிழலில். ஒன்றுக்குக் கீழே குறைக்க வேண்டாம், இறுகாது. விளிம்பைத் தடிப்பின் 12 மடங்கு தூரத்துக்குச் சரிவாக அராவ வேண்டும்: 5 மி.மீ. தகட்டுக்கு 60 மி.மீ. இந்தச் சரிவு இல்லாமல் மேலால் ஒட்டின துண்டு பிடி விட்டுப்போகும். வெறும் பட்டி பூசி மட்டம் செய்த இடம் அழகாக இருக்கும், விறைப்பு ஒரு துளியும் கூடாது.

இந்தப் பொருளுக்கும் கூலிக்கும் வரும் தொகையைக் கேட்ட விலையில் கழித்துப் பேசுங்கள். எஞ்சினையும் சேர்த்து வாங்கினால், கம்பிரஷன் மீற்றரால் இரண்டு சிலிண்டரையும் அளந்து, வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருக்கிறதா பாருங்கள்.

போட்டின் பக்கத்தில் எழுதியிருக்கும் பதிவிலக்கமும் கடற்றொழில் திணைக்களப் பதிவுப் பத்திரத்தில் இருக்கும் இலக்கமும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். கடற்றொழிலாளர் சங்கத்தின் பெயரில் பதிவாகியிருந்தால் சங்கத்தின் எழுத்துமூல விடுவிப்பு இல்லாமல் முற்பணமும் கொடுக்க வேண்டாம். மிச்சக் காசைப் பெயர் மாற்றும் அன்றைக்குக் கொடுப்பதாகப் பேசி, அதற்கு முதல் இரவு போட்டைத் தண்ணீரில் கட்டி வைத்து விடிய உள்ளே எவ்வளவு நிற்கிறதென்று பாருங்கள்.